அப்படியே சொல்லு

என் மகள் சைமா இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு கேள்வி கேட்டாள். "ம்மா, இண்டர்வியூல கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் அவங்களுக்கே தெரியும்தானே? அப்புறம் எதுக்குக் கேக்குறாங்க?"

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பதிலைத் தெரிந்துகொள்ளக் கேட்பதில்லை, பதில் சொல்கிற ஆளைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள் என்று சொன்னேன். குழந்தைக்கு அது போதுமானதாக இருந்தது. விளையாடப் போய்விட்டாள். எனக்கும் அந்தப் பதில் பிடித்துப்போய், வகுப்பில் பலமுறை அதைச் சொல்லியிருக்கிறேன்.

வகுப்பு என்று நான் சொல்வது ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டையார்பேட்டையில், எங்கள் தெருப் பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள வீட்டு மாடியில் நடப்பது. என் பெயர் சாபிரா. ராயபுரத்தில், துறைமுகச் சரக்குகளை வெளியே எடுத்துக் கொடுக்கும் ஒரு க்ளியரிங் ஏஜென்சியில், வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். நேர்முகத் தேர்வு நடக்கும்போது மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது என் வேலை. நல்ல பிள்ளைகள் சின்னக் கேள்விகளில் தடுக்கி விழுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை. சாதி மதம் பார்க்காமல், காசு வாங்காமல், இதைச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று தோன்றியது. பெரிய உதவிகள் செய்ய என்னிடம் எதுவும் இல்லை. இறைவன் சின்ன உதவிகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது என் நம்பிக்கை. இப்போதும் அதுதான் என் நம்பிக்கை.

மாடியில் பாய் விரித்து உட்காருவோம். தேநீரும் பட்டர் பிஸ்கட்டும் நான் கொண்டுபோவேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பாதிப் பேர் அப்பா என்ன செய்கிறார், அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றுதான் சொல்வார்கள். அதைத் திருத்தவே ஒரு மாதம் ஆகும். "உங்கள் பலவீனம் என்ன" என்று கேட்டதற்கு, ராயபுரம் டெரிக் கொஞ்சமும் யோசிக்காமல் "பிரியாணி மேடம்" என்றான். "ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்" என்றதற்கு மகிமா, "இதே ஹவுசிங் போர்டுலதான், வேற எங்க போறது" என்றாள். அன்று சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். டெரிக்குக்கு இப்போது நல்ல வேலை. மகிமா அம்பத்தூரில் வேலை கிடைத்து அங்கேயே குடிபோய்விட்டாள். அதையெல்லாம் நான்தான் செய்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் என்னை மறக்கவில்லை.

என் தம்பி ஃபர்ஹானைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாப்பாவும் உம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவனை நான்தான் வளர்த்தேன். நல்ல பையன். ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எத்தனையோ இடங்களுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தான். கல்யாணமாகி, அவன் மனைவி ரூஹி மாசமாகவும் இருந்தாள். பேசிக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்திவிட்டான். சாப்பாட்டுத் தட்டை என்னிடம் வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டான். ஒரு நாள் ரூஹி என்னிடம் வந்து, "அவரு நேத்து பூரா பேசின் பிரிட்ஜ் மேல நின்னு ரயில் பாத்துக்கினு இருந்தாராம்க்கா. யாரோ பாத்துட்டு வந்து சொன்னாங்க" என்றாள். ரயில் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அன்று என்னால் தொழுகையில் மனதை நிறுத்த முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எண்ணூர்ப் பக்கம் இருக்கும் ஓர் எண்ணெய்க் கிடங்கிலிருந்து ஆள் கேட்டிருந்தார்கள். கப்பலில் வரும் பாமாயிலைப் பெரிய தொட்டிகளில் சேர்த்துவைக்கிற இடம். தொட்டிகளைக் கண்காணிக்க ஒரு ஆள் வேண்டும். நிரந்தர வேலை. என் வகுப்பிலிருந்து இரண்டு பேருக்கு அழைப்பு வந்தது. ஒருவன் ஃபர்ஹான். இன்னொருவன் நிதிஷ்.

நிதிஷ் காசிமேட்டுப் பையன். அவன் அப்பா கடலுக்குப் போனவர், இப்போது இல்லை. அம்மா மங்கை துறைமுகத்து வாசலில் மீன் விற்கிறார். நிதிஷ் ஐடிஐ முடித்திருந்தான். வகுப்பு முடிந்ததும் யாரும் சொல்லாமலே பாயைச் சுருட்டி, டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவான். கேள்வி கேட்டால் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்வான். தெரியாததைத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொல்வான். நான் இத்தனை வருடம் மூலையில் உட்கார்ந்து பார்த்தவள். இருவரில் யாரை எடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

மணலியிலிருந்து வள்ளூர் வரை, இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எங்கே போனாலும் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "தொட்டிக்குள்ளேயோ குழிக்குள்ளேயோ இறங்கிய ஆள் மயங்கி விழுந்துவிட்டார். நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?"

சரியான பதில் இது. இறங்க மாட்டேன். சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுவேன். மூச்சுக் கருவி போட்டவர்கள் வரும்வரை நானும் இறங்க மாட்டேன், வேறு யாரையும் இறங்க விட மாட்டேன். கேட்பதற்கு ஈரமில்லாத பதில் போலத் தோன்றும். ஆனால் அப்படிப்பட்ட குழிகளில் கண்ணுக்குத் தெரியாத விஷக்காற்று அடியில் தேங்கியிருக்கும். முதலில் விழுந்தவரைத் தூக்கப் போனவர்கள்தான் அடுத்தடுத்து விழுவார்கள். எங்கள் அலுவலகத்தில் நடந்த பாதுகாப்பு வகுப்பில் இதை விளக்கியிருக்கிறார்கள். இந்தக் கேள்விக்குத் தவறான பதில் சொன்னவரை, மற்ற எல்லாவற்றிலும் தேறினாலும், எடுக்க மாட்டார்கள்.

தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை ஃபர்ஹானை வீட்டில் உட்காரவைத்து இந்தப் பதிலைச் சொல்லிக்கொடுத்தேன். அவனுக்கு அது சுலபமாக வந்தது. பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு அது சுலபமாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நிதிஷ் டம்ளர் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டான். "அக்கா, ஆள் உள்ள வுழுந்துட்டா இன்னா பண்ணுவன்னு கேப்பாங்களாமே. அதுக்கு இன்னா சொல்றது?"

நீ என்ன சொல்வாய் என்று கேட்டேன்.

"இதுல கேக்குறதுக்கு இன்னாக்கா கீது. எறங்கித் தூக்குவேன். போட்லேர்ந்து ஒருத்தன் வுழுந்தா கூட இருக்கிறவன் குதிச்சிரணும். யோசிச்சிக்கினு நின்னவன் கரைக்கு வந்து யார் மூஞ்சியிலயும் முழிக்க முடியாது. அவனை எவனும் போட்ல ஏத்தமாட்டான், அவன் வூட்ல பொண்ணு எடுக்கமாட்டாங்க."

அவர்கள் குப்பத்து வழக்கம் அது. அவன் அப்பா அப்படி இரண்டு பேரைத் தூக்கியவர் என்று சொன்னான். கையில் டம்ளரோடு, ஈரக் கையை சட்டையில் துடைத்தபடி, என்னைப் பார்த்து நின்றான். நான் சொல்வதுதான் பதில் என்று நம்பி நின்றான்.

நான் சொன்னது, "சரி. அப்படியே சொல்லு" என்பதுதான்.

இதுவரை சொன்னதை வைத்து, நான் பொய் ஏதும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவன் மனதில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது முழு உண்மையல்ல. "இறங்கித் தூக்குவேன்" என்று மட்டும் சொன்னால், எதிரில் இருப்பவர் இரக்கப்பட்டு, தம்பி கொஞ்சம் யோசித்துச் சொல் என்று இன்னொரு வாய்ப்புக் கொடுத்துவிடுவார். அப்படி நடந்து நான் பார்த்திருக்கிறேன். அதனால் முன்னால் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "ஒரு நிமிஷம்கூட யோசிக்க மாட்டேன்." அந்த வரியோடு சேர்த்து, தடங்கல் இல்லாமல் வரும்வரை, திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு சொல்லாதே என்று திருத்தினேன். கடைசியில் மிக அழகாகச் சொன்னான். மிச்சமிருந்த பிஸ்கட்டை அவன் அம்மாவுக்கு என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

இதில் எனக்கு அவன்மேல் கோபமோ பொறாமையோ இருந்ததில்லை. அவனுக்கு இந்த வேலை கிடைக்காவிட்டால் வேறு கிடைக்கும், அவன் கெட்டிக்காரன். ஃபர்ஹானுக்கு இதை விட்டால் இல்லை. பசித்தவனுக்கு முதலில் பரிமாறுவதில் தவறில்லை அல்லவா.

நான் நினைத்தபடியே நடந்தது. ஃபர்ஹானுக்கு வேலை கிடைத்தது. நிதிஷ் பதில் சொல்லி முடித்ததும் பாதுகாப்பு அதிகாரி பேனாவை மூடிவிட்டாராம். ஆனால் நான் நினைக்காத ஒன்றும் நடந்தது. அந்த அறையில் கிடங்கின் சுத்திகரிப்பு வேலைகளை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நிதிஷ் வெளியே வந்ததும் பின்னாலேயே வந்து தோளில் தட்டி, யோசிக்காமல் இறங்குகிற பையன்தான் எனக்கு வேண்டும் என்று சொல்லித் தன் ஆட்களோடு சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் நிதிஷ் தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். மங்கையம்மா ஒரு பெரிய வஞ்சிரத்தை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "கண்ணு, நீ குடுத்த பிஸ்கோத்துக்கு இது ஈடாவாது, இருந்தாலும் புடி" என்று சிரித்தார். நிதிஷ் ஃபர்ஹானின் தோளில் கைபோட்டு, "மாமு, நீ பெர்மனண்ட்டு, நான் காண்ட்ராக்ட்டு. கேண்டீன்ல டீ உன் செலவு" என்றான். பிறகு என்னிடம், "உன் பதிலுதாங்கா வேலை வாங்கிக் குட்த்துச்சு" என்றான்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். தனியே கூப்பிட்டு, தம்பி, அந்தப் பதில் தப்பு, அங்கே அப்படிச் செய்துவிடாதே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். ஆனால் அப்படிச் சொன்னால், பிறகு ஏன் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாய் என்று கேட்பான். கேட்காவிட்டாலும், கேட்டுவிடுவானோ என்று நான் பயந்திருப்பேன். வேலையில் சேர்ந்ததும் அங்கே முறையாகச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மீனைத் துண்டு போட்டு வறுத்தேன். எல்லோரும் சாப்பிட்டோம். ஃபர்ஹான் ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு கேட்டான்.

ஒப்பந்த ஆட்களுக்கு அங்கே யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ரூஹிக்குக் குழந்தை பிறந்த பிறகு, மழை விட்ட ஒரு காலையில் அது நடந்தது. தொட்டிகளைக் கழுவிய தண்ணீர் சேர்கிற குழி ஒன்று கிடங்கின் பின்பக்கம் இருக்கிறது. எண்ணெய்ச் சேறு அழுகி நெடுநாள் மூடிக்கிடந்தது. ஒப்பந்த ஆளான யாசின் ஏணி வைத்து இறங்கினார். பாதி ஏணியிலேயே தலை சாய்ந்துவிட்டது. குழி வாயிலில் காவலுக்கு நின்றவன் ஃபர்ஹான்.

ஃபர்ஹான் நான் சொல்லிக்கொடுத்தபடி எல்லாவற்றையும் செய்தான். கத்தினான். அபாய மணியை அடித்தான். குழி வாசலை விட்டு நகரவில்லை. சத்தம் கேட்டு நிதிஷ் ஓடிவந்தான். ஃபர்ஹான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். "வுடு மாமு. யோசிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நிதிஷ் இறங்கிவிட்டான். சட்டைப் பொத்தான் ஒன்று ஃபர்ஹானின் கையில் நின்றுவிட்டது.

மூச்சுக் கருவியோடு ஆட்கள் வந்து இருவரையும் எடுத்தார்கள். யாசின் ஏணியின் மேல்பாதியில் சாய்ந்து கிடந்ததால் பிழைத்துக்கொண்டார். நிதிஷ் அவரைக் கீழிருந்து தோளில் வாங்குவதற்காக அவரைத் தாண்டி அடிவரை போயிருந்தான். அவன் இறங்காமல் இருந்திருந்தாலும் யாசின் பிழைத்திருப்பார் என்று மருத்துவமனையில் சொன்னார்களாம்.

காசிமேட்டில் நிதிஷின் உடலை வைத்திருந்த வீட்டுக்குப் போனேன். பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்தேன். எனக்கு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். மங்கையம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் தேற்றினார். உன் பிள்ளைபோல நினைத்தாயே என்றார்.

பிறகு விசாரணை வந்தது. ஒரே இடத்தில் இரண்டு பேர் நின்றிருக்க, ஒருவன் இறங்காமல் நிற்க, இன்னொருவன் ஏன் இறங்கினான் என்று அதிகாரிகள் கேட்டார்கள். அதற்கு முந்தின நாள் ஃபர்ஹான் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, எறங்கக் கூடாதுன்னுதானே நீ எனக்கு சொன்ன. அவனுக்கும் அதையேதானே சொல்லியிருப்ப?"

தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஃபர்ஹான் இளைத்திருந்தான். நான் வேறு விதமாகப் பதில் சொன்னால் அவன் அந்த வேலையை எந்த மனதோடு செய்வான், அந்தச் சோற்றை எப்படிச் சாப்பிடுவான் என்று பார்த்தேன்.

"ஆமா. ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்" என்றேன்.

அவன் பெரிதாக மூச்சு விட்டான். விசாரணையில் தனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னான். தங்கள் இருவருக்கும் ஒரே ஆள்தான் பயிற்சி கொடுத்தார், ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொடுத்தார், நிதிஷ்தான் கேட்கவில்லை என்றான். கிடங்குக்காரர்களுக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அது வசதியாக இருந்தது. இறந்தவர் சொல்லிக்கொடுத்ததை மீறித் தன்னிச்சையாக இறங்கினார் என்று முடிவாயிற்று. என்னை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த முடிவு காசிமேட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. மீன் ஏலம் நடக்கிற இடத்தில், திமிர் பிடித்த பையன், பெரியவர்கள் பேச்சைக் கேட்காமல் போய்ச் சேர்ந்தான் என்று யாரோ சொன்னார்களாம். மங்கையம்மா கூடையை அப்படியே வைத்துவிட்டு, என் அலுவலகத்தைத் தேடி வந்துவிட்டார். வாசலில் நின்று பேசினோம். அவர் அழவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

"எம்புள்ள சொன்னா கேக்கறவன்தானே கண்ணு? உங்கிட்ட படிச்சவன், நீ சொல்லு. எவன் வேணா இன்னா வேணா சொல்லட்டும். எறங்காதடான்னு நீ சொல்லியும் எறங்குனானா?"

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நிழலாகப் பார்த்து அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கவைத்தேன்.

"ரொம்ப நல்ல புள்ளம்மா. கேக்கறவன்தான்" என்றேன். "அந்த நேரத்துல மனசு தாங்கியிருக்காது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "அப்ப கேக்கலதான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து போனார். அன்றிலிருந்து அவர் தன் பிள்ளையைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்று கேள்விப்படுகிறேன். அதுவரை அவன் படத்தைக் கூடையிலேயே வைத்துக்கொண்டு, மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாராம்.

என் வகுப்பு இன்னமும் நடக்கிறது. இப்போது முதல் நாளே அந்தக் கேள்வியைத்தான் எடுக்கிறேன். இறங்க மாட்டேன் என்று எல்லோரையும் சேர்ந்து சொல்லவைக்கிறேன். இதனால் எத்தனை உயிர் பிழைக்கும் என்பது இறைவனுக்குத் தெரியும். திங்களும் வியாழனும் நோன்பு வைக்கிறேன். நிதிஷுக்காகத் தொழுகையில் துஆ கேட்காத நாள் இல்லை. இவற்றை உங்களிடம் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. உங்களுக்கு அவனையும் தெரியாது, அவன் அம்மாவையும் தெரியாது.

ஆனால் அவனுக்கு நான் தர வேண்டியது ஒன்று பாக்கியிருந்தது. அவன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. போன வாரம் அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போனேன். கல்யாணமாகாத பிள்ளை என்று அவனை எரிக்காமல் அங்கே புதைத்திருக்கிறார்கள். மேடு இன்னும் தணியவில்லை. காய்ந்த சாமந்தி மாலையை எறும்புகள் இழுத்துக்கொண்டிருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

முழுவதையும் சொன்னேன். நீ கேட்டபோது எனக்குச் சரியான பதில் தெரியும், தெரிந்துதான் உனக்கு மாற்றிச் சொன்னேன் என்றேன். நீ சொன்ன பேச்சுக் கேட்காமல் சாகவில்லை, நான் சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் செத்தாய் என்றேன். பிறகு சரியான பதிலை, ஃபர்ஹானுக்குச் சொல்லிக்கொடுத்த அதே பதிலை, ஒரு வார்த்தை விடாமல் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். எழுந்தபோது நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருந்தது. தர வேண்டியதைத் தந்துவிட்டேன் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

மங்கையம்மா அங்கே வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார் என்று, முன்பு இடம் விசாரித்தபோதே சுடுகாட்டுக் காவல்காரர் சொல்லியிருந்தார். நான் போனது வியாழக்கிழமை.